விடிவெள்ளி சோல்பான்: கேள்வி பதில்

உஸ்பெக் கவிஞர், மொழிபெயர்ப்பாளர் அப்துல்ஹமீத் சோல்பான் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சோல்பான் என்பது குடும்பப் பெயரா?
புனைபெயர். விடிவெள்ளி என்று பொருள். 1897இல் அந்திஜானில் பிறந்தார்.

ரஷ்யக் கவிஞர்தானே?
இல்லை. உஸ்பெக்கில் எழுதியவர். ரஷ்ய நூல்களில் ‘சுல்பான்’ என்று இருக்கும், ஆள் ஒருவரே.

அவர் கவிதையில் புதிதாக என்ன இருக்கிறது?
நல்ல கேள்வி. அதுவரை மத்திய ஆசியக் கவிதையில் ஓங்கி நின்றது அரபு வழி வந்த அரூஸ் யாப்பு. சோல்பான் பெரும்பாலும் பர்மாக்கில் எழுதினார். பர்மாக் என்றால் விரல். அசைகளை விரல்விட்டு எண்ணும் யாப்பு. ‘அழகி’ கவிதையின் முதல் அடியை எண்ணிப் பாருங்கள்: கோ-ரோன்-கு, கெ-ச-தா, கோக்-கா, கோஸ், தி-கிப். பதினொன்று. காதலன் இருண்ட இரவில் வானத்தை வெறித்துப் பார்த்து, மிகப் பிரகாசமான நட்சத்திரத்திடம் காதலியைப் பற்றி விசாரிக்கிறான். நட்சத்திரம் வெட்கித் தலைகுனிந்து, ‘நான் அவளைக் கனவில்தான் பார்க்கிறேன்’ என்கிறது. பிறகு நிலா, காற்று, சூரியன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போகிறான். நாட்டுப்பாட்டு நடையில் இவ்வளவு ஏக்கம்!

எப்போது கொன்றார்கள்?
1937இல் சோவியத் அரசு கைது செய்தது. 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கந்தில், ஃபித்ரத், அப்துல்லா காதிரி ஆகிய உஸ்பெக் எழுத்தாளர்களுடன் சுட்டுக் கொன்றார்கள். தீர்ப்பு எழுதியது மறுநாள். ஆனால் தயவுசெய்து அந்தத் துப்பாக்கியோடு அவரை முடித்துவிடாதீர்கள். கவிதையைப் படியுங்கள்.

ஹாம்லெட்டை ரஷ்ய மொழி வழியாகத்தானே மொழிபெயர்த்தார்? நகலின் நகல் அல்லவா?
ரஷ்ய வழிதான். ஆனால் நகல் என்பதை ஏற்க மாட்டேன். 1920களின் நடுவில் மாஸ்கோவில் உஸ்பெக் நாடகப் பயிற்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். நடிகன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர். 1935இல் தாஷ்கந்த் ஹம்சா அரங்கில் அப்ரார் ஹிதாயதோவ் ஹாம்லெட்டாக நின்றபோது சபையின் காதில் விழுந்தது உஸ்பெக். கவிஞனின் காதுதான் அங்கே மொழிபெயர்த்தது.

(அதே நண்பர்) இருந்தாலும் மூலத்தின் சொல்விளையாட்டு போய்விடுமே?
போகும், மறுக்கவில்லை. இரண்டு வடிகட்டி தாண்டி வருவதில் சிலேடை தங்காது. ஆனால் அதை மட்டும் வைத்து எடை போட்டால், பாதி உலக இலக்கியம் நமக்குக் கைக்கு வந்திருக்காது. எந்தச் சொல் தொலைந்தது என்பதோடு, எந்தச் சொல் புதிதாகப் பிறந்தது என்றும் கேளுங்கள். இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்டவில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தாகூரைப் படித்தாரா?
ஆழ்ந்து படித்தார். தாகூரைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். நவாயீ, லுத்ஃபீ என்று பழங்கவிஞர்களையே திரும்பத் திரும்பப் படித்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, மனம் வேறொன்றைத் தேடுகிறது என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். தாகூரை அவர் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான பாலமாகக் கண்டார்.

ஏன் கொன்றார்கள், எப்போது?
தேதி மேலே இருக்கிறது. தேசியவாதி என்ற குற்றச்சாட்டு.

உஸ்பெக் கற்க எந்த எழுத்து?
மொழி வகுப்பு என் வேலை அல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும்: அவர் காலத்தில் அரபு எழுத்து, பிறகு லத்தீன், 1940இல் சிரிலிக், இப்போது மீண்டும் லத்தீன். பழைய பதிப்பு வாங்குமுன் எழுத்தைப் பாருங்கள்.

எதில் தொடங்கலாம்?
‘இரவு’ நாவல், 1936. இனிமையாகப் பாடும் ஸெபி என்ற பெண்ணின் கதை. 2019இல் கிறிஸ்டோபர் ஃபோர்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. இரண்டாம் பாகமான ‘பகல்’ இன்றுவரை கிடைக்கவில்லை.