சிறிய மசோதாக்களைக் குழு ஆய்வுக்கு அனுப்பாமலே நிறைவேற்றலாமா?

சிலவற்றை நிறைவேற்றலாம். ஆனால் எது சிறியது என்பதைப் பக்கங்களை எண்ணி முடிவு செய்யக் கூடாது.

குழு ஆய்வு என்பது, அவையில் வாக்கெடுப்புக்கு வருமுன் சில உறுப்பினர்கள் மட்டும் உட்கார்ந்து மசோதாவைப் பிரிவு பிரிவாகப் படிப்பது. துறை அதிகாரிகளைக் கேள்வி கேட்பார்கள், பாதிக்கப்படுவோரின் கருத்தைப் பெறுவார்கள், திருத்தங்களைப் பரிந்துரைப்பார்கள். முழு அவையில் இதற்கு நேரம் கிடைக்காது.

மருந்துச் சீட்டில் 0.5 என்பதில் புள்ளி விடுபட்டால் என்ன ஆகும்? சட்டமும் அப்படித்தான். வரையறைப் பிரிவில் ஒரே வரியை மாற்றினால், அந்தச் சொல் வரும் எல்லாப் பிரிவுகளின் வீச்சும் மாறிவிடும். தண்டனை, முன்தேதியிட்ட அமலாக்கம், அரசே விதிகள் வகுக்கும் அதிகாரம் ஆகியவற்றைத் தொடும் மசோதா ஒரு பக்கமே இருந்தாலும் குழுவுக்குப் போவதே நல்லது. எழுத்துப்பிழைத் திருத்தம், பெயர் மாற்றம், காலாவதியான சட்டங்களை நீக்குதல் போன்றவற்றுக்கு விலக்கு தரலாம். (நீக்கப் பட்டியலை மட்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது, உயிருள்ள சட்டமும் அதில் சிக்கலாம்.)

விலக்கு தருவது யார் என்பதுதான் முக்கியம். ஜெர்மன் நாடாளுமன்றத்தில் குழுவைத் தவிர்க்க, வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும். எதிர்க்கட்சியில் சிலராவது ஒப்பாமல் அது பெரும்பாலும் நடக்காது. இந்தியாவில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் (அமைச்சகங்களின் மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்றக் குழுக்கள்) இருந்தாலும், மசோதாவை அவற்றுக்கு அனுப்புவது கட்டாயமில்லை. அவைத் தலைவரின் முடிவு அது.

குழுவுக்குப் போனாலே மசோதா முடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அனுப்பும்போதே அறிக்கைக்குக் கெடு வைக்கலாம், இந்தியாவில் நிலைக்குழுவின் பரிந்துரை அவையைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.