கண் முன்னால் டீம்ஸ், ஆனாலும் மஞ்சள்

கேள்வி: ஐடி சேவை நிறுவனம் ஒன்றில், லண்டன் இன்சூரன்ஸ் கிளையன்ட்டுக்காக க்ளெயிம் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. ஆபீஸ் லேப்டாப்பில் இரண்டு மானிட்டர் மாட்டியிருக்கிறேன். இடது மானிட்டரில் கிளையன்ட் கொடுத்த விர்ச்சுவல் டெஸ்க்டாப் முழுத்திரையில் ஓடும். எங்கள் டீம் பேசிக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பும் அதற்குள்தான். வலது மானிட்டரில் எங்கள் கம்பெனியின் எக்செல் டிராக்கர். டிராக்கரில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீம்ஸில் என் பெயர்ப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி போய், ஆள் இல்லை என்று காட்டும் மஞ்சள் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் டீம்ஸ் என் கண் முன்னால் திறந்தே இருக்கிறது. டீம் லீட் உடனே ‘ஆர் யூ தேர்?’ என்று போடுகிறார். அப்ரைசல் நெருங்குகிறது. மவுஸை ஆட்டும் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிவிடு என்கிறார் கணவர். இப்போதைக்கு நான் சாப்பிடப் போகும்போது ஏழு வயது மகனை உட்காரவைத்து மவுஸை அசைக்கச் சொல்கிறேன். வேறு வழி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘டீம்ஸ் ஆப்பும் அதற்குள்தான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, சிக்கல் முழுக்க அங்கேதான்.

மானிட்டர் எத்தனை என்பதைப் பற்றி டீம்ஸுக்குக் கவலையே இல்லை. தன்னுடைய ஜன்னல் திறந்திருக்கிறதா, நீங்கள் அதைப் பார்க்கிறீர்களா என்பதும் அதற்குத் தெரியாது. தான் ஓடுகிற கம்ப்யூட்டரில் கீபோர்டோ மவுஸோ கடைசியாக எப்போது அசைந்தது என்பதை மட்டும் பார்க்கும். ஐந்து நிமிடம் ஒன்றும் அசையவில்லை என்றால் ‘அவே’ என்று மஞ்சளைப் போட்டுவிடும். கம்ப்யூட்டரை லாக் செய்தாலோ அது தூங்கப் போனாலோ இன்னும் சீக்கிரம். ஒரே கம்ப்யூட்டரில் நான்கு மானிட்டர் மாட்டி, எந்த மூலையில் மவுஸை நகர்த்தினாலும் கணக்கில் வந்துவிடும். அதனால் ‘டீம்ஸை எந்த மானிட்டரில் வைத்தால் பச்சையாக இருக்கும்’ என்று இழுத்து இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

உங்கள் மேஜையில் இருப்பது இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று உங்கள் லேப்டாப். இன்னொன்று எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருக்கிற கிளையன்ட்டின் மெஷின். அதன் படம் மட்டும்தான் இடது மானிட்டருக்கு வருகிறது. அது பக்கத்து வீட்டு ஹாலை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. உங்கள் சமையலறையில் எவ்வளவு பாத்திரத்தை உருட்டினாலும் அந்த ஹாலில் சத்தம் கேட்காது. டிராக்கரில் நீங்கள் தட்டுகிற எண்கள் எல்லாம் லேப்டாப்போடு நின்றுவிடுகின்றன. அந்த நேரம் முழுக்க கிளையன்ட் மெஷினைப் பொறுத்தவரை நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

மாறாக, விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள் வேலை பார்க்கும்போது லேப்டாப்பில் உங்கள் கம்பெனியின் டீம்ஸ் தனியாக இருந்தால் அது பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். மவுஸ் உங்கள் கையில், லேப்டாப்பில்தானே மாட்டியிருக்கிறது? அசைவு முதலில் லேப்டாப்புக்குத் தெரிந்து, அப்புறம்தான் அங்கே போகிறது. உங்களுக்கு ஏன் ஒரு திசையில் மட்டும் மஞ்சள் வருகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

சந்தேகம் இருந்தால் நாளைக்கே சோதித்துப் பாருங்கள். உங்களோடு நல்லமாதிரி இருக்கிற சக ஊழியர் ஒருவரிடம் உங்கள் புள்ளியைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் வழக்கம்போல வலது பக்கம் ஆறு நிமிடம் டிராக்கரில் வேலை பாருங்கள், மஞ்சள் வரும். அடுத்து விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை மினிமைஸ் செய்துவிட்டு, அதே எக்செல்லை இடது மானிட்டருக்கு இழுத்துப் போய் இன்னொரு ஆறு நிமிடம். அப்போதும் மஞ்சள்தான் வரும். வேலை செய்வது அதே இடது மானிட்டரில்தான், ஆனாலும் மஞ்சள். மானிட்டர் குற்றவாளி இல்லை என்று டீம் லீடிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி தீர்வுக்கு வருவோம். செய்ய முடிந்ததில் சிறந்தது, அந்த வேலையை விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள்ளேயே கொண்டுபோவது. க்ளெயிம் ஆவணங்கள் கிளையன்ட்டுடையவை என்றால் அவற்றை அங்கேயே திறந்து படிப்பதுதான் முறையும்கூட. இடம் போதவில்லை என்பதால்தான் பலரும் வெளியே வருகிறார்கள். ஆனால் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை இரண்டு மானிட்டரிலும் விரிக்கலாம். அது சிட்ரிக்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓடுகிறது என்றால் அந்த ஜன்னலைச் சிறிதாக்கி, பாதி இந்த மானிட்டரிலும் பாதி அந்த மானிட்டரிலும் இருக்கும்படி நடுவில் நிறுத்தி, அப்புறம் முழுத்திரை பொத்தானை அழுத்துங்கள்; இரண்டையும் நிறைத்துக்கொள்ளும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் இணைப்பதற்கு முன்பே டிஸ்ப்ளே பகுதியில் எல்லா மானிட்டரையும் பயன்படுத்து என்று ஒரு டிக் இருக்கும்.

டிராக்கர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அது உங்கள் கம்பெனியின் கோப்பு. பச்சைப் புள்ளிக்காக அதைக் கிளையன்ட் மெஷினுக்கு மெயில் போட்டுக்கொண்டால், மஞ்சளைவிடப் பெரிய வம்பில் போய் நிற்பீர்கள். டிராக்கரை எங்கே வைப்பது என்பதை லீட்தான் முடிவு செய்ய வேண்டும். கிளையன்ட் பக்கத்து ஷேர்பாயின்டில், அதாவது கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் தளத்தில், வைக்க இரண்டு தரப்பும் சம்மதித்தால் உங்கள் பிரச்சினை அன்றோடு முடிந்தது.

அது நடக்காவிட்டால், மஞ்சள் வருகிற நேரத்துக்கு விளக்கம் இருக்கும்படி செய்யுங்கள். டீம்ஸில் ஸ்டேட்டஸ் மெசேஜ் என்று ஒரு வசதி இருக்கிறது. 280 எழுத்து வரை எழுதலாம். ‘டிராக்கரில் இருக்கிறேன், மெசேஜ் போட்டால் பார்த்துவிடுவேன்’ என்று எழுதி, யாராவது மெசேஜ் அனுப்ப வரும்போது காட்டு என்பதையும் டிக் செய்துவிடுங்கள். லீட் ‘ஆர் யூ தேர்?’ என்று தட்ட ஆரம்பிக்கும்போதே அந்த வரி அவர் கண்ணில் படும். டிராக்கர் வேலை தினமும் ஒரே நேரத்தில் வருகிறது என்றால், கிளையன்ட் பக்கத்து அவுட்லுக் காலண்டரில் அந்த நேரத்தை பிஸி என்று அடைத்து வைக்கலாம். டீம்ஸ் காலண்டரைப் பார்த்துப் புள்ளியைச் சிவப்பாக்கிக்கொள்ளும். ஒரு க்ளெயிமை டிராக்கரில் ஏற்றியதும் அடுத்ததை எடுக்க எப்படியும் இடது பக்கம் போவீர்கள். பத்து க்ளெயிமைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஏற்றுகிற பழக்கம் இருந்தால், ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். மஞ்சள் தானாகவே குறையும்.

போனில் டீம்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிளையன்ட் அனுமதித்தாலும் அது புள்ளிக்கு உதவாது. போனில் வேறு ஆப்புக்குப் போனதுமே அங்கும் ‘அவே’தான்.

இப்போது உங்கள் கணவர் சொன்ன கருவி. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் விஷயத்தில் அது வேலைக்கே ஆகாது. அந்தக் கருவி ஆட்டுவது உங்கள் கையில் இருக்கிற அதே அம்புக்குறியைத்தான். நீங்கள் டிராக்கரில் இருக்கும்போது அம்புக்குறி வலது பக்கம், அதாவது லேப்டாப்பில் இருக்கிறது. அங்கே ஆடினால் கிளையன்ட் மெஷினுக்குத் தெரியாது. இடது பக்கம் கொண்டுபோய் ஆடவிட்டால் நீங்கள் டிராக்கரில் வேலை பார்க்க முடியாது. ஆக, நீங்கள் வேலை செய்யாதபோது மட்டும்தான் அது உங்களைப் பச்சையாகக் காட்டும்!

அதோடு, யூஎஸ்பியில் செருகும் வகை என்றால் புதிதாக ஒரு சாதனம் மாட்டப்பட்டது என்று ஆபீஸ் லேப்டாப்பில் பதிவாகும். மவுஸுக்கு அடியில் சுழலும் தட்டு வகையில் அந்தத் தடயம் இல்லை; ஆனால் மணிக்கணக்கில் அம்புக்குறி மட்டும் அசைந்து ஒரு எழுத்துகூடத் தட்டப்படவில்லை என்பது கண்காணிப்பு மென்பொருள் இருக்கிற இடத்தில் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-இல் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது. கீபோர்டில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. உண்மையாகவே நாள் முழுக்க வேலை பார்க்கிற நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்பானேன்?

யூடியூபில் இன்னும் சில யோசனைகள் சுற்றுகின்றன. தனக்குத்தானே ஒரு மீட்டிங் போட்டு அதில் தனியாக உட்கார்ந்திருப்பது ஒன்று. புள்ளி சிவப்பாகும், உண்மைதான். ஆளில்லாத மீட்டிங் தினமும் இரண்டு மணி நேரம் ஓடியது என்ற பதிவும் கூடவே இருக்கும். இன்னொன்று மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள அவேக். அது நேர்மையான கருவி. கம்ப்யூட்டர் தூங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் மவுஸோ கீபோர்டோ அசைந்ததாக அது காட்டாது. அதனால் திரை விழித்திருக்கும், புள்ளி மஞ்சளாகத்தான் இருக்கும்.

இரண்டு தனித்தனி லேப்டாப் வைத்துக்கொண்டு, ஒரே மவுஸை இரண்டுக்கும் மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் இதே கதைதான். மவுஸ் எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கம் மஞ்சள். டீம்ஸுக்குப் பதில் ஸ்லாக் என்ற சாட் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஐந்துக்குப் பதில் பத்து நிமிடம். ஸ்லாக்கை பிரவுசரில் திறந்திருந்தால் அது பிரவுசரின் அசைவை மட்டும் பார்க்கும். தனி ஆப்பாகப் போட்டுக்கொண்டால் கம்ப்யூட்டர் முழுக்கப் பார்க்கும். அவ்வளவுதான்.

லீடிடம் எப்படிச் சொல்வது? சாட்டில் எழுதாதீர்கள், சாக்குச் சொல்கிற மாதிரி தொனிக்கும். அடுத்த காலில் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, திரையைப் பகிர்ந்து, அந்த ஆறு நிமிடச் சோதனையைச் சொல்லுங்கள். “டீம்ஸ் கிளையன்ட் மெஷின்ல இருக்கு, டிராக்கர் நம்ம லேப்டாப்ல இருக்கு. டிராக்கர்ல இருக்கும்போது அங்க அவேன்னு காட்டுது. அவசரம்னா நம்ம கம்பெனி டீம்ஸ்ல பிங் பண்ணுங்க, உடனே வந்துடுவேன். டிராக்கரை அந்தப் பக்கம் மாத்த முடியுமான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க.” இப்படிச் சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. உங்கள் டீமில் இதே அமைப்பில் வேலை பார்க்கிற மற்றவர்களும் மஞ்சளாகத்தான் தெரிவார்கள். அவர்களையும் சேர்த்துப் பேசினால் இன்னும் நல்லது. மூடிய க்ளெயிம் எத்தனை என்பது டிராக்கரிலேயே இருக்க, புள்ளியின் நிறத்தை வைத்து ஆளை எடைபோடுவது சோம்பேறித்தனமான மேற்பார்வை என்பது என் அபிப்பிராயம். அதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அப்ரைசல் பேச்சில் அந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக மகன் விஷயம். இதை இன்றே நிறுத்துங்கள். அந்தத் திரையில் யாரோ ஒருவருடைய மருத்துவ பில்லும் வங்கிக் கணக்கு எண்ணும் திறந்திருக்கும். அதன் முன்னால் பிள்ளையை உட்காரவைத்தது தெரிந்தால் எந்த கம்பெனியும் விளக்கம் கேட்காமல் விடாது. அவன் தெரியாமல் ஒரு கிளிக் செய்து யாருடைய க்ளெயிமாவது மூடிவிட்டால் யார் பதில் சொல்வது? சாப்பிடப் போகும்போது டீம்ஸில் ‘பி ரைட் பேக்’ என்ற ஸ்டேட்டஸைப் போட்டு, விண்டோஸ் பொத்தானோடு எல் அழுத்தி லாக் செய்துவிட்டுப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் மஞ்சளாக இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.