கடலில் ஹைட்ரஜன் தயாரிப்புக்குப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தை ஏன் நீட்டிக்க வேண்டும்?

பணியாளர்களின் பாதுகாப்புக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையில் நிலப்பரப்புக்கு உரியது; கரைக்கு அப்பால் எந்தெந்த வேலைகளுக்கு அது பொருந்தும் என்பதைத் தனி ஆணை ஒன்று வரையறுக்கிறது. 2013ஆம் ஆண்டின் ஆணை எண்ணெய், எரிவாயு மேடைகளையும் காற்றாலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடலிலேயே நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது பிறகு வளர்ந்த தொழில்; அதனால் அதற்கும் சட்டம் பொருந்துமாறு ஆணையை நீட்டிக்க வேண்டியுள்ளது. ஊருக்குள் ஓடும் குடிநீர்க் குழாயைப் புதுக் குடியிருப்புவரை இழுப்பது போன்றதே இந்த நீட்டிப்பு. காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை கலந்திருந்தால் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனின் சுடர் பகலில் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. நடுக்கடலிலோ ஓடித் தப்ப இடமில்லை (1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தனர்). இந்த நீட்டிப்பைப் புதுத் தொழிலுக்கான தடை எனச் சிலர் எண்ணக்கூடும். உண்மையில் இச்சட்டம் தொழிலைத் தடுப்பதில்லை, வேலை நடக்குமிடத்தில் ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்பதையே உறுதிசெய்கிறது.