ராத்திரி ஓட்டும்போது ரூம் லைட் போடலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மாதம் இரண்டு தடவை அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புவோம். பின் சீட்டில் பிள்ளைகளுக்காக ரூம் லைட் போட்டால் கணவர் சத்தம் போடுகிறார். அந்தச் சின்ன வெளிச்சத்தால் என்ன ஆகிவிடும்? வண்டிக்கு ஒன்பது வயது. போன மாதம் இரண்டு நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பல்பை எல்இடியாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: சத்தம் போடுவதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் விஷயம் சரிதான்.

ராத்திரி பஸ்ஸில் போகும்போது கவனித்திருப்பீர்கள். ஊரைத் தாண்டியதும் டிரைவர் முன்பக்க லைட்டை அணைக்கச் சொல்வார். சில பஸ்களில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு திரைத்துணி தொங்கும். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் முன் கண்ணாடி பாதி முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிடும். சாதாரணக் கண்ணாடி, நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாய்ந்து விழுந்தால் இன்னும் கூடும். பகலில் வெளி வெளிச்சம் அதை அமுக்கிவிடுவதால் தெரியாது. ராத்திரியில் பின் சீட்டுப் பிள்ளையின் வெள்ளைச் சட்டை, டாஷ்போர்டில் கிடக்கும் டோல் ரசீது எல்லாம் ரோட்டின் மேல் மிதக்கும். வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே பின் லைட் இல்லாத ஒரு பைக்கையோ வைக்கோல் ஏற்றிய டிராக்டரையோ அதற்கு ஊடாகத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டும். சாரல் காலத்தில் கண்ணாடி நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு லைட் அதைக் கெடுத்துவிடும் என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓட்டுகிறவர் கண் முழு இருட்டுக்கு எப்படியும் பழகியிருக்காது. அதனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே நான் பெரிய தொந்தரவாகச் சொல்வேன்.

பிள்ளைகள் எதையாவது தேடினால் ஓரமாக நிறுத்தி லைட்டைப் போடுங்கள். வழி நெடுக வெளிச்சம் வேண்டும் என்றால் முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும்; முன் கண்ணாடிக்குத் தெரியாத உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்க உங்கள் வண்டியில் வசதி இருந்தால் அதையும் குறைக்கலாம். கண்ணாடியின் உள்பக்கத்தை மாதம் ஒரு தடவையாவது துடையுங்கள். வெளிப்பக்கத்தைத் தேய் தேய் என்று தேய்க்கிறோம், உள்ளே படிந்த எண்ணெய்ப் படலத்தை யாரும் தொடுவதில்லை.

அப்புறம், காலையில் செல்ஃப் எடுக்காத விஷயம். ராத்திரி முழுக்க ஏதாவது லைட் எரிந்து பேட்டரி இறங்கியிருக்கலாம். பழைய ரூம் லைட் பல்பு பெரும்பாலும் 10 வாட் இருக்கும். 12 வோல்ட்டில் அது 0.8 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-மணி காலி. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்று வைத்தால், புதுப் பேட்டரி இதைத் தாங்கி வண்டியைக் கிளப்பிவிடும். மூன்று, நான்கு வருஷம் ஓடிய பேட்டரி படுத்துவிடும். எல்இடி ஒன்றிரண்டு வாட்தான் எடுக்கும், அதனால் மாற்றினால் நல்லதுதான். ஆனால் லைட் விடிய விடிய எரிகிறது என்றால், அது ஏன் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

ரூம் லைட் சுவிட்சில் மூன்று நிலை உண்டு. எப்போதும் 'டோர்' நிலையிலேயே விடுங்கள். கதவு திறந்தால் எரிந்து, மூடினால் அணையும். அப்படி வைத்தும் அணையவில்லை என்றால் கதவு ஓரத்தில் இருக்கும் டோர் சுவிட்ச் துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை. டிக்கி லைட்டையும் சந்தேகப்படுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே லைட் அணைந்ததா என்று தெரிந்துவிடும். எல்லா லைட்டும் ஒழுங்காக அணைகிறது என்றால், வேறு எங்காவது கரண்ட் கசிகிறதா என்றும் பேட்டரியின் நிலையையும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்இடி வாங்கப் போகும்போது பழைய பல்பைக் கையில் கொண்டுபோங்கள். 31, 36, 41 மில்லிமீட்டர் என்று நீளம் மாறும். எரிந்துகொண்டிருந்த பல்பு கையைச் சுடும், ஆறவிட்டுக் கழற்றுங்கள். புதியது மாட்டியும் எரியவில்லை என்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் பல்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் பக்கம் உண்டு.