அத்தைன்னா கிஃப்ட் மட்டும்தானா?

வணக்கம் மேடம்,

நான் ஷார்ஜால ஒரு ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்குறேன், வயசு 37, கல்யாணம் பண்ணிக்கல, எனக்கு அதுல வருத்தமும் இல்ல. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எப்படியாவது லீவ் வாங்கி ஊருக்கு வந்துருவேன், அண்ணன் குடும்பம் சென்னைல இருந்து வரும், தங்கச்சி வீடு ரெண்டு தெரு தள்ளித்தான், எல்லாரும் அம்மா வீட்லதான் கூடுவோம்.

பிள்ளைங்க நாலு பேர். அண்ணனுக்கு 13 வயசுல பொண்ணு, 6 வயசுல பையன். தங்கச்சிக்கு 9 வயசுல பொண்ணு, 2 வயசுல ஒரு வாண்டு. நவம்பர் வந்தாலே எனக்கு தலைவலி ஆரம்பிச்சிடும் மேடம், யாருக்கு என்ன வாங்கன்னு. போன வருஷம் ராத்திரி பூசை முடிஞ்சு வந்து கேக் வெட்டினதும் பார்சலைக் குடுத்தேன். சின்னவனுக்கு ரிமோட் கார், நல்ல விலை. பிரிச்சுப் பாத்துட்டு "இது எங்கிட்ட ரெண்டு இருக்கு அத்தை"ன்னு கீழ வச்சிட்டு முறுக்கு எடுக்கப் போயிட்டான், எல்லார் முன்னாடியும். எனக்கு முகமே செத்துப்போச்சு. தங்கச்சி பொண்ணுக்கு கலர் பென்சில் செட், அவ "நல்லாருக்கு பெரியம்மா"ன்னு வாங்கிக்கிட்டா. ஆனா தங்கச்சி அம்மாகிட்ட போய், அண்ணன் பிள்ளைன்னா கார், என் பிள்ளைன்னா பென்சிலான்னு கேட்டிருக்கா. இந்த வருஷம் அவளே போன் பண்ணி, பொண்ணு அரையாண்டுல நல்ல மார்க் எடுத்தாதான் கிஃப்ட்னு சொல்லிரு அக்காங்குறா. அண்ணி ஷாப்பிங் லிங்க் வரிசையா அனுப்புறாங்க. பெரியவ இயர்பட்ஸ் கேக்குறா.

வீட்டுக்குள்ள கால் வச்சதும் பிள்ளைங்க கேக்குற மொத கேள்வி "என்ன வாங்கிட்டு வந்தீங்க". அண்ணன் அன்னைக்கு சிரிச்சிட்டே "உனக்கென்ன குடும்பமா குட்டியா, வாங்கிக் குடேன்"னான். நான் இவங்களுக்கு வெறும் பர்ஸ்தானான்னு தோணுது. என்ன வாங்கட்டும், இத எப்படி எடுத்துக்கட்டும், ரெண்டையும் சொல்லுங்க.

— ஊர் பேர் போதும், என் பேர் வேண்டாம்

பதில்:

வணக்கம்மா. மொதல்ல அந்த ஆறு வயசுக்காரன் விஷயத்தைப் பேசிடலாம், ஏன்னா நீங்க நெனைக்கிற அளவுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. பிடிக்காத கிஃப்ட் கைல வந்தா பிள்ளைங்க எப்படி நடந்துக்குறாங்கன்னு கரோலின் சார்னின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1984ல ஆய்வு பண்ணி எழுதினாங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வேணும்னே கைக்குழந்தை விளையாடுற சாமானைக் குடுத்துப் பாத்தாங்க. சின்ன வகுப்பு பிள்ளைங்களுக்கு, அதுலயும் பசங்களுக்கு, ஏமாத்தத்தை மறைக்கத் தெரியல, முகத்துல அப்படியே காட்டிட்டாங்க, பெரிய பெண் பிள்ளைங்க சிரிச்சு சமாளிச்சாங்க. பிடிக்கலன்னாலும் சிரிக்கணும்ங்குறது வளர வளர கத்துக்குற விஷயம், ஆறு வயசுல அது பாதிதான் வந்திருக்கும். அவன் உங்களை அவமானப்படுத்தல, அவங்கிட்ட கார் இருக்குன்னு தகவல் சொன்னான், அவ்வளவுதான்.

எனக்கு கவலை அந்த ஒன்பது வயசுப் பொண்ணு மேலதான். பையனைப் பத்தி அவ்வளவு எழுதின நீங்க அவளுக்கு ஒத்தை வரிதான் எழுதியிருக்கீங்க. "நல்லாருக்கு பெரியம்மா"ன்னு சொன்னது நெசமாவே பிடிச்சா, இல்ல சமாளிச்சாளா? சத்தம் போடாத பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னே வீட்ல யாருக்கும் தெரியாமப் போறது நம்ம குடும்பங்கள்ல சர்வ சாதாரணம். அடுத்த வீடியோ கால்ல அவகிட்ட பத்து நிமிஷம் தனியா பேசுங்க. "என்ன வேணும்"னு கேக்காதீங்க, கேட்டா விளம்பரத்துல பாத்ததைத்தான் சொல்லும். இப்ப என்ன விளையாடுற, யார் கூட விளையாடுற, எத செஞ்சா அம்மா திட்டுறாங்கன்னு கேளுங்க, அந்தக் கடைசிக் கேள்விலதான் கிஃப்ட் இருக்கும். ஒருவேளை வரையிறதுதான் உயிர்னு சொன்னா நல்ல தாள், வாட்டர்கலர், ரெண்டு உருப்படியான பிரஷ், அது போதும்.

மார்க் எடுத்தாதான் கிஃப்ட்ங்குறதை மட்டும் தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. 1973ல ஸ்டான்ஃபோர்ட்ல, தானாவே ஆசையா படம் வரையிற நர்சரி பிள்ளைங்களுக்கு, வரைஞ்சா சர்டிபிகேட் தர்றோம்னு முன்கூட்டியே சொல்லி வரைய விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா அந்தப் பிள்ளைங்களுக்கு வரையிற ஆர்வமே கொறஞ்சிருந்துச்சு. மார்க் வேற, படம் வேறதான், ஆனா பண்டிகைக்கு பெரியம்மா குடுக்குறதையும் அதே மாதிரி கூலியாக்க வேண்டாம். தங்கச்சிகிட்ட "மார்க்குக்கு நீ வேற வாங்கிக் குடு, இது கிறிஸ்துமஸுக்கு"ன்னு சொல்லிடுங்க.

ஆனா தங்கச்சி சொல்றதுல ஒரு பாதி நியாயம் இருக்கும்மா. பிள்ளைங்களுக்கு விலை தெரியாது, ஆனா யாருக்குப் பெருசு, யாருக்கு ரெண்டுன்னு நல்லாவே தெரியும். அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் ரெண்டு பேரும் 2012ல வெளியிட்ட ஆய்வுல, ஒரே அளவு வேலை செஞ்ச ரெண்டு பசங்களுக்கு அஞ்சு ரப்பரைப் பிரிச்சுக் குடுக்கச் சொன்னா, ஆறுலேர்ந்து எட்டு வயசுப் பிள்ளைங்க பெரும்பாலும் ஆளுக்கு ரெண்டு குடுத்துட்டு அஞ்சாவதைக் குப்பைல போடச் சொல்லிட்டாங்க! வீணாப் போனாலும் பரவால்ல, ஒருத்தருக்கு கூட போகக்கூடாது. அதனால பார்சல் ஆளுக்கு ஒண்ணு, கிட்டத்தட்ட ஒரே பட்ஜெட், அதை ஃபேமிலி குரூப்லயே ஓப்பனா சொல்லிடுங்க, அதோட அம்மா காதுல போற பஞ்சாயத்து பாதி கொறையும். பெரியவ இயர்பட்ஸ் அந்த பட்ஜெட்ல அடங்குச்சுன்னா வாங்குங்க, அடங்கலன்னா அந்தப் பணத்தை கவர்ல போட்டு ஒரு நாலு வரி கைப்பட எழுதிக் குடுங்க, மீதிய அவ சேத்து வாங்கிக்கட்டும், 13 வயசுல அது கௌரவம்தான்.

ரெண்டு வயசு வாண்டுக்கு நீங்க மூளையைக் கசக்கவே வேண்டாம், பந்து, மரக்கட்டை, அடுக்குற கப்பு போதும். பாடுற பொம்மை, மின்னுற பொம்மை வாங்கினா மட்டும் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டிருக்கான்னு பாருங்க. பட்டன் பேட்டரிய முழுங்கி அது உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும், விளையாட்டு இல்ல. ஊர்ல வாங்குறதா இருந்தா ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரில இருந்து பொம்மைங்களுக்கு அது கட்டாயம்.

இப்ப அந்த பர்ஸ் விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோட வர்ற ஆளைப் பாத்து பிள்ளைங்க பெட்டியைத்தான் கேக்கும், உங்களைப் பத்தி அதுங்களுக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க. வந்த மறுநாளே குடில் வேலையை நீங்க கைல எடுங்க. ஆத்து மணல், வைக்கோல், சொரூபம் எல்லாம் அம்மா வீட்லயே இருக்கும், கேழ்வரகை ஒரு வாரம் முன்னாடியே தட்டுல தூவச் சொல்லி தங்கச்சி பொண்ணுகிட்ட பொறுப்பைக் குடுங்க, நீங்க வர்றதுக்குள்ள பச்சையா புல் மாதிரி நிக்கும். சின்னவனுக்கு கார் இல்லாம ஒரு சீரியல் லைட்டும் கலர் பேப்பரும் குடுத்து, குடிலுக்கு ஸ்டார் நீதான் செய்யணும்னு சொல்லுங்க, கூட உக்காந்து ஒட்டுங்க. இதுவே அவனோட கிஃப்டா இருந்தாலும் தப்பில்ல, பட்ஜெட்ல மிச்சம் இருந்தா ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாளுக்குள்ள அவனைக் கூட்டிட்டுப் போய் அவனுக்குப் பிடிச்சதை வாங்கிக் குடுங்க.

அண்ணன் சொன்ன வார்த்தைக்கு பிள்ளைங்க கிஃப்ட்ல பதில் தேடாதீங்க, எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் அந்த வலி போகாது. 25ந்தேதி வேண்டாம், அதுக்கு முந்தியோ பிந்தியோ அவரைத் தனியா கூப்பிட்டு "அன்னைக்கு நீ சொன்னது எனக்கு வலிச்சுச்சுண்ணே, எனக்கும் செலவு இருக்கு, நான் ஆசைப்பட்டுத்தான் குடுக்குறேன்"னு நேரா சொல்லுங்க. சிரிச்சு மழுப்பினா மழுப்பட்டும், நீங்க சொல்லியாச்சுல்ல. அண்ணிக்கு மட்டும் இந்த வாரமே மெசேஜ் போட்டுடுங்க, லிங்க் வேண்டாம் அண்ணி, நானே பாத்துக்கிறேன்னு. லேட்டாச்சுன்னா அவங்க ஆர்டர் பண்ணிட்டு பில்லை உங்களுக்கு அனுப்பினாலும் ஆச்சரியப்படுறதுக்கில்ல.