கணக்குப்பிள்ளையின் துண்டுச்சீட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் தாத்தா தொடங்கிய மொத்தப் பலசரக்குக் கடை எங்களுடையது. அரிசி, பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் சென்னை வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். வயது 29. ஆறே மாதத்தில் பில் போட மென்பொருள், குடோனில் கேமரா எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். 36 வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு கணக்கும், பழையபடி துண்டுச்சீட்டில் ஒரு கணக்குமாக ஓட்டுகிறார். கேமரா மாட்டிய மறுவாரமே லோடுமேன் இரண்டு பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வத்தல் இருப்பு மாதாமாதம் குறைகிறது. யார் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்பா என் முன்னால் "சரி" என்கிறார், நான் அந்தப் பக்கம் போனதும் அவர்களிடம் "நீங்க பழையபடி பாருங்க" என்கிறார். எல்லோருக்கும் நான் இன்னும் 'பாப்பா'தான். பழைய ஆட்களை மாற்றினால்தான் கடை மாறுமா?

— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆளை மாற்றாதீர்கள். இந்த வருடம் நிச்சயமாக வேண்டாம். ஏன் என்று சொல்ல வத்தலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான்.

முண்டு வத்தல் புதுச் சரக்காக வரும்போது அதில் கொஞ்சம் ஈரம் இருக்கும். குடோனில் கிடக்கக் கிடக்கக் காய்ந்து எடை குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் அதே மூட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு கொஞ்சம் எடை கூடுவதும் உண்டு. ராமநாதபுரத்துச் சரக்கு இறங்கிய அன்று பில்லில் ஏறிய எடை ஒன்று, மூன்று மாதம் கழித்துத் தராசில் நிற்கும் எடை வேறொன்று. உங்கள் மென்பொருளோ வாங்கியதில் விற்றதைக் கழித்து, மீதி இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. மிளகாய் காயும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் உங்கள் கடையிலேயே இருக்கிறார்கள். பழைய ஆட்கள் ஒரு முண்டு வத்தலை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே விதை கலகலவென்றால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தம் வராமல் விரலுக்கு மெத்தென்று அமுங்கினால் இன்னும் எடை இறங்கும் சரக்கு. இந்தக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. ஏறாததால்தான் குறைந்த எடை உங்கள் கண்ணுக்குக் களவாகத் தெரிகிறது. உடனே கேமரா வருகிறது. இருபது வருடம் முதுகில் மூட்டை சுமந்தவர் நிமிர்ந்து பார்க்கிறார், தலைக்கு மேலே கேமரா தொங்குகிறது. அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! களவே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்ததையும் சிந்திச் சிதறியதையும் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது துண்டுச்சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் இதுவரை படித்துப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. நான் பார்த்த மொத்தக் கடைகளில், அந்தச் சீட்டில் ரூபாயும் எடையும் பாதிதான். மீதி ஓரத்தில் கிறுக்கியிருக்கும். உசிலம்பட்டிக் கடைக்குப் பழைய பாக்கி வந்த பிறகுதான் அடுத்த லோடு. மேலூர்க்காரர் மகள் கல்யாணத்தில் இருக்கிறார், இந்த மாதம் கேட்க வேண்டாம். திருமங்கலத்துக்காரருக்குப் பழைய உளுந்து அனுப்பினால் திரும்பி வரும். கடை ஓடுவது இதில்தான். உங்கள் மென்பொருளில் இதை எழுத ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் கணக்குப்பிள்ளை சீட்டை எப்படி விடுவார்?

அவர் புதுமைக்குப் பயப்படுகிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 36 வருடம் என்றால் பழைய விற்பனை வரிக் காலத்தில் பேனா பிடித்தவர். 2007 ஜனவரியில் வாட் வரி வந்தது, பழகினார். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் ஒரே ராத்திரியில் செல்லாமல் போயின, சமாளித்தார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. அப்புறம் 2022 ஜூலையில், 25 கிலோ வரை உறையிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி என்றார்கள். கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? சாக்கு, எடை, விலை, பில் என்று எல்லாவற்றையும் அவசர அவசரமாக மாற்றியது இந்த மாதிரி கணக்குப்பிள்ளைகளும் மூட்டை பிடிக்கிறவர்களும்தான். மாற்றம் அவருக்குப் பழக்கமானதுதான். அந்த மாற்றங்களிலெல்லாம் அவர் கையில் வேலை இருந்தது, இதில் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். தொண்ணூறுகளில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் ஸ்டோர்கீப்பரின் பழைய ரெஜிஸ்தரை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மெஷின் நின்றது. மாற்ற வேண்டிய உதிரிப்பாகம் கையிருப்பில் இல்லை. அது வெளியூரிலிருந்து வர நாள் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்பது ரெஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல இருக்கும்னு நினைச்சேன் சார்" என்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது. வேலையில் அக்கறை விட்டுப்போன மனிதரின் முகம் அது. உங்கள் கணக்குப்பிள்ளை இன்னும் சீட்டு எழுதுகிறார் என்றால் அவருக்கு அக்கறை விட்டுப்போகவில்லை என்று அர்த்தம். அது உங்கள் அதிர்ஷ்டம்.

அதனால் சீட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சீட்டைப் படிக்கட்டும், நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். எந்தக் கட்டம் போதவில்லை, எந்த விவரத்துக்கு இடமே இல்லை என்று அவர் வாயால் வரட்டும். மென்பொருள்காரரை வரவழைத்து, அவர் சொன்னபடி மாற்றச் சொல்லுங்கள். இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சரக்கு வெளியே போனால் கம்ப்யூட்டர் பில் இருக்க வேண்டும். வருடம் 5 கோடிக்கு மேல் புரளும் வியாபாரம் என்றால், வரி உள்ள சரக்கை இன்னொரு வியாபாரிக்கு விற்கும்போது 2023 ஆகஸ்டிலிருந்து மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். அது சட்டம், அதில் சலுகை கிடையாது என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள். அவருக்கும் அது தெரியும்.

நம் ஊரிலேயே ஒன்றைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்தில் விரல் வளைந்த கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கினார். அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் முடித்துவிட்டுத் திரும்பினால் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்கிறவர்கள் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டர் காத்திருக்கும் நேரத்தை மிச்சம் பிடித்தே அத்தனை பேருக்குக் கண் கொடுத்தார்கள்.

உங்கள் கடையில் யார் காத்திருக்கிறார்கள்? காலையில் பில்லுக்காகக் குட்டியானை வண்டிகள் வரிசையில் நிற்கும், லோடுமேன்கள் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார்கள். மூட்டைக் கூலிக்கு வேலை பார்ப்பவருக்குக் காத்திருக்கும் நேரம் கூலி இல்லாத நேரம். ஆர்டரை முந்தின நாள் சாயந்திரமே வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். கணக்குப்பிள்ளை பாக்கி பார்த்துச் சரி சொன்னதும் இரவே பில் தயார். காலையில் வந்ததும் ஏற்ற வேண்டியதுதான். மத்தியானத்துக்குள் இரண்டு லோடு கூடப் போனால், கம்ப்யூட்டர் நல்லதா கெட்டதா என்ற பேச்சே எழாது.

சரி, அப்பா விஷயம். அவர் உங்களுக்கு எதிராக வேலை செய்யவில்லை. மகள் மனமும் நோகக் கூடாது, கூட இருந்தவர்கள் மனமும் நோகக் கூடாது என்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். அதற்கு ஒரு வழி உண்டு, கெடு வைப்பது. மேலமாசி வீதியில் இப்போது காதிக் கடை இருக்கும் இடத்தில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அப்போது அறிவித்தார். கூட இருப்பவர்களும் அப்படி உடுத்த வேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஆயுசு முழுக்க நின்ற மாற்றம், ஒரு மாதச் சொச்சத்துக்கான முடிவாகத்தான் தொடங்கியது. நீங்களும் அப்பாவிடம் மூன்று மாதம் கேளுங்கள். ஆடியில் தொடங்குங்கள், கல்யாணச் சரக்கு போகாத மாதம், தவறு நடந்தாலும் தாங்கும். தீபாவளிக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று தோன்றுவதைக் கழற்றிவிடலாம் என்று சொல்லுங்கள். பதிலுக்கு அவர் ஒன்று செய்ய வேண்டும். எல்லோரும் இருக்கும்போது, "இந்த மூன்று மாசம் பாப்பா சொல்றதுதான்" என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். ஆமாம், பாப்பா என்றே சொல்லட்டும். அந்தப் பெயரை மாற்றப் போராடாதீர்கள். அது தூக்கி வளர்த்தவர்கள் வைத்த பெயர், முடிவு உங்களுடையதாக இருந்தால் போதும்.

நின்றுபோன இரண்டு பேரையும் போனில் கூப்பிடாமல் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். கேமராவைக் கழற்ற வேண்டாம். ஆனால் கல்லாவுக்கு மேலே, நீங்களும் அப்பாவும் உட்காரும் இடத்திலும் ஒன்று மாட்டிவிட்டு அப்புறம் போங்கள்.

போகும் முன் இன்னொரு வேலை. இன்றைக்கு ஐந்து மூட்டை வத்தலைத் தனியாக எடுத்து வையுங்கள். லோடுமேன் ஒருவரும் கணக்குப்பிள்ளையும் பக்கத்தில் இருக்க எடை போட்டு, சாக்கின்மேல் தேதியும் எடையும் மையால் எழுதச் சொல்லுங்கள். யாரும் தொட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே மூன்று பேரும் நின்று மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு குறைந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அம்மா.