நெடும்பயணம் கிளம்புமுன்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேரள, ஆந்திர எல்லைகளை ஒட்டி வாழும் தமிழ் வாசகர்கள் நீண்டகாலப் பயணம் குறித்து அனுப்பிய கேள்விகளுள் சில இங்கே இடம்பெறுகின்றன. எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பதைவிட, மாதக்கணக்கில் வெளியே இருக்கும்போது ஊரில் தம் பெயரில் இருப்பவை என்ன ஆகும் என்ற கவலையே இவற்றில் மேலோங்கியிருக்கிறது. அது நியாயமான கவலை.

என் வீடு ஆரியங்காவில். ஆதார் அட்டையில் இருப்பதோ செங்கோட்டையிலுள்ள மாமா வீட்டு முகவரி. வாக்காளர் பட்டியலில் இரு இடங்களிலும் பெயர் உள்ளது. ஓராண்டு வடநாட்டில் சுற்றப்போகிறேன். எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் இந்த இரட்டைப் பதிவை ஒழியுங்கள். 1956 நவம்பரில் மாநில எல்லை மாறியபோது செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. உறவும் நிலமும் மலையின் இருபுறமும் இருப்பதால் இப்படி இரண்டு இடங்களில் பெயர் இருப்பதை நம் பகுதியில் எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இருக்க அனுமதிக்கவில்லை. வேண்டாத பதிவைப் படிவம் 7 கொடுத்து நீக்கிக்கொள்ளுங்கள். பயணத்துக்காகத் தற்காலிகமாக வீட்டில் இல்லை என்பதனால் மட்டும் வாக்குரிமை போய்விடாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

எந்த முகவரியை வைத்துக்கொள்வது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் பெயருக்கு வரும் தபாலை வாங்கிப் பிரித்து, படம் எடுத்து அன்றே உங்களுக்கு அனுப்பக்கூடிய ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த முகவரி. புதிய ஏடிஎம் அட்டை, காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், வருமான வரி அறிவிப்பு எதுவானாலும் அங்கேதான் வரும். மாமா வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது, ஆரியங்காவு வீடோ பூட்டிக் கிடக்கும் என்றால், வங்கிக்கும் காப்பீட்டுக்கும் செங்கோட்டையையே தபால் முகவரியாகக் கொடுக்கலாம்; வாக்கு மட்டும் நீங்கள் உண்மையில் குடியிருக்கும் ஊரில் இருக்கட்டும்.

நானும் மனைவியும் தேவிகுளத்தில் இருக்கிறோம். தபால் துறையில் ஓய்வு பெற்றவன். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க ஊருக்கு வந்தே தீர வேண்டுமா?

வேண்டியதில்லை. 2014 முதல் நடைமுறையில் உள்ள ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறையில் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் சான்று அளிக்கலாம். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே வாய்ப்பு உண்டு. புறப்படுமுன் வீட்டிலிருந்தபடி ஒருமுறை அந்தச் செயலியை இயக்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் வணிகப் பெயர் வேறு மாநிலக் கடையில் கிடைக்காமல் போகலாம். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்கி, இருவரும் தனித்தனிப் பையில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பைக் கோயம்புத்தூர்ப் பதிவு. ஒன்றரை ஆண்டு இந்தியா முழுவதும் ஓட்டப்போகிறேன். பதிவை மாற்ற வேண்டுமா?

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு தேவை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மாநிலம் மாநிலமாகப் போய்க்கொண்டிருப்பவருக்கு இது பொருந்தாது. ஆனால் உங்களுக்கு இது பயணத்தால் வரும் சிக்கல் அல்ல: தமிழ்நாட்டு எண்ணோடு வண்டி கேரளத்து வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிறதென்றால், தடையின்மைச் சான்று வாங்கிப் பதிவை மாற்றிவிட்டே கிளம்புங்கள். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்குக்கும் உள்நுழைவு அனுமதி வேண்டும்; மேகாலயாவுக்கு வேண்டாம்.

நகரியிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தே செய்யும் மென்பொருள் வேலை. வெளிநாடுகளில் மாறி மாறித் தங்கி இதே வேலையைத் தொடர எண்ணுகிறேன். 182 நாள் வெளியே இருந்தால் இந்தியாவில் வரி இல்லை என்கிறார்களே?

அப்படி நம்பிக் கிளம்புகிறவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிச் சட்டப்படி நீங்கள் இங்கே வசிப்பவர் என்பது ஒரு விதி. அதற்கு இணையாக இன்னொரு விதியும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தமாக 365 நாளும் இந்தியாவில் இருந்திருந்தாலும் வசிப்பவரே. வெளிநாட்டு வேலைக்காகப் புறப்படும் இந்தியக் குடிமக்களுக்கு இந்த 60 நாள் 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. ஊர் சுற்றப் போகிறவருக்குத் தளர்வு இல்லை. இதுவரை நகரியிலேயே இருந்த உங்களுக்கு முதல் ஆண்டில் இரண்டாம் விதி பெரும்பாலும் பொருந்தும். தவிர, இந்திய நிறுவனத்திலிருந்து இந்தியக் கணக்கில் வரும் சம்பளத்தை வரியிலிருந்து விலக்க நாள் கணக்கு மட்டும் போதாது. கிளம்பும் முன் ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

சுற்றுலா விசாவில் வேலை செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 29 இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எந்த 180 நாளிலும் 90 நாள்தான். பிரான்சிலிருந்து இத்தாலிக்கு நகர்ந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

இன்னொன்று உங்கள் கைப்பேசி எண். வங்கியின் ஓடிபி வராமல் அறை வாடகை கட்ட முடியாத நிலை நேரக்கூடும். இந்திய சிம்மில் ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கிவிட்டு, ரீசார்ஜ் காலாவதியாகும் தேதிகளை வீட்டில் காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் எண் முடக்கப்படலாம். பிறகு அதே எண் வேறொருவர் கைக்குப் போகலாம்.

குப்பத்திலிருந்து: கென்யாவில் சில மாதம் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

ஆம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்று செல்லும்; பின்னர் ஆயுள் முழுவதும் செல்லும். சான்றில்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள்வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

பாறசாலையில் அம்மா தனியாக இருப்பார். நான் நெடுநாள் வெளியே இருப்பது சரியா?

சரியா தவறா என்பதை நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்குத் தெரிவிக்காமல் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். போவதென்று முடிவானால், அவசரத்தில் மறுநாளே திரும்புவதற்கான விமானக் கட்டணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைப் பயணச் செலவுக்குத் தொடக்கூடாது. அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவி, அவர்கள் கைப்பேசியில் உங்கள் எண், அம்மா பார்க்கும் மருத்துவமனையின் எண் ஆகிய மூன்றையும் நீங்களே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.